எவ்வளவு வரணும், மேடம்?

வேதியியல் ஆய்வகத்தில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது கொஞ்சம்தான். ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் அதிகம். பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டியிருக்க மாட்டார்கள். குடுவையைக் கழுவியிருக்க மாட்டார்கள். அதற்குள் ஏதோ ஒரு மேசையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

"மேடம், எவ்வளவு வரணும்?"

எவ்வளவு வந்தது என்று அவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சோதனை. எவ்வளவு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், அப்புறம் எதற்கு ஆய்வகம், எதற்கு அந்த வெள்ளைக் கோட்டு, எதற்கு நான்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விக்குச் சிரித்தேன். பிறகு திட்டினேன். அதற்கும் பிறகு, கேள்வி கேட்டவர்களை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொன்னவர்களைத் திட்ட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எனக்குத் துறையில் நல்ல பெயர் கிடையாது.

வேங்கிக்கால் தாண்டி ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் எனக்கு வேலை. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் எங்களுக்கு முக்கால்வாசி. பலர் வீட்டில் முதல் பட்டதாரி. பயமும் மரியாதையுமாக உள்ளே வருவார்கள். முதல் மாதத்தில் பியூரெட்டை, ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடிப்பார்கள். மூன்றாம் வருடத்தில் அதைத் தொடக்கூட மாட்டார்கள். நடுவில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் விளக்குகிறேன், எனக்குக் கோபம் ஆறவில்லை. பியூரெட் என்பது அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அதற்கு அடியில் ஒரு திருகு. திருகினால் உள்ளே இருக்கும் கரைசல் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழும். குடுவையில் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை சாயம். தண்ணீர் கடினத் தண்ணீராக இருந்தால் அது பீட்ரூட் சாறு நிறத்தில் இருக்கும். சொட்டு விழ விழ ஒரு கட்டத்தில் பளிச்சென்று நீலமாகிவிடும், துணிக்குப் போடுகிற சொட்டுநீலம் மாதிரி. அந்த நொடியில் நிறுத்தி, எவ்வளவு கரைசல் செலவானது என்று பார்க்க வேண்டும். ஜாஸ்தி செலவானால் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. கம்மி என்றால் கம்மி. இவ்வளவுதான் விஷயம். பொறுமையும் இரண்டு கண்ணும் இருந்தால் போதும்.

ஆனால் மார்க் எப்படிப் போடுகிறோம் தெரியுமா? சரியான அளவு இதுதான் என்று எங்களிடம் ஒரு எண் இருக்கும். மாணவர் எழுதிய எண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் முழு மார்க். தள்ளிப்போகப் போக மார்க் குறையும். ரொம்பத் தள்ளிப்போனால் பெயில். ஆக, அந்த எண் தெரிந்துவிட்டால் திருகைத் தொடவே வேண்டாம். பிள்ளைகள் முட்டாள்களா என்ன? தொடமாட்டார்கள்.

தெரியாமல் போனால் தெரிவிப்பதற்கு எங்கள் துறைத்தலைவர் இருந்தார். நல்ல மனிதர், மாணவர்கள் மேல் உயிரையே வைத்திருந்தார். செய்முறைத் தேர்வு நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைகளை இடமிருந்து வலமாகச் சுற்றி வருவார். கிரிவலம் போகிறவர் மந்திரம் சொல்வதுபோல வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போய்க் கேட்டால் அது மந்திரமில்லை, எண். ஒரு சுற்று வந்தால் போதும், அத்தனை பேனாக்களும் எழுத ஆரம்பித்துவிடும்.

"ரிசல்ட் முக்கியம் மேடம்," என்பார். "நம்ம ஊரு புள்ளைங்க. நாமளே கைவிட்டா எப்படி?"

கைவிடாமல் பிடித்துக்கொண்டுபோய் எங்கே விடுகிறோம் என்று கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை. கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில் கல்லூரி வைக்கிற ஃபிளெக்ஸ் பேனரில், அத்தனை பேரும் பாஸ் என்ற வரி மட்டும் அவருக்குப் புரியும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அவள் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் ஊர்த் தண்ணீர் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பக்கெட்டில் வெள்ளைப் படலம், குழாய் வாயில் வெள்ளைக் கட்டி, தலைமுடி கொட்டினால் அதற்கும் தண்ணீர்தான் காரணம். நாமே பரிசோதித்துப் பார்க்கலாமே என்றேன்.

"இது எக்ஸாமுக்கு வருமா மேடம்?"

"வராது."

முகங்கள் தொங்கிப்போயின. மறுநாள் பாதிப் பேர் கடையில் வாங்கிய சீல் போட்ட பாட்டிலோடு வந்தார்கள். சிலர் கல்லூரிக் குழாயிலேயே பிடித்துக்கொண்டு, சொட்டுகிற பாட்டிலோடு உள்ளே வந்து, இது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. அடிக்க இப்போது அனுமதியில்லை.

இவள் மட்டும் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் அம்மா வாசலில் சுண்டல் கடை போடுவார். ஒரு பாட்டிலில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர். இரண்டையும் சோதித்தாள். கேன் தண்ணீர் கொஞ்சத்தில் நீலமாகிவிட்டது. போர் தண்ணீர் ஆகவில்லை. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பியூரெட் காலியாகி, மறுபடி நிரப்பி, அப்புறம்தான் நீலம் எட்டிப் பார்த்தது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து, கேட்காமலே இன்னொரு தடவை செய்தாள். அதே அளவு. குடுவையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நான் வேறு மேசையில் இருந்தேன். அங்கிருந்தே சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மேடம்! அதான் எங்க வீட்ல பருப்பு வேகறதே இல்லியா?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா பருப்பு விக்கறவனத் திட்டிக்கினே இருக்கும் மேடம். கல்லு பருப்பு குடுத்துட்டான்னு. சுண்டல் மட்டும் கேன் தண்ணில வேக வெப்போம், அது பூவா வெந்துடும். அப்போ பருப்பு மேல தப்பு இல்ல, தண்ணி மேல தான?"

ஆமாம் என்றேன். பாடப்புத்தகத்தில் கடின நீர் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதை அத்தனை பேரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள், அதற்கும் தங்கள் வீட்டுக் குக்கருக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. இவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். என் சம்பளத்துக்கு நான் அன்று வேலை செய்துவிட்டேன் என்ற எண்ணம்.

அதன்பிறகு அவள் பெரிய மேதையாகிவிடவில்லை. சுமாராகத்தான் எழுதுவாள், ஆங்கிலத்தில் திக்குவாள். ஆனால் ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டதேயில்லை. வந்தது எவ்வளவோ அதை எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். தப்பாக இருந்தால் திரும்பிப்போய் மறுபடி செய்வாள்.

மூன்றாம் வருடக் கடைசிச் செய்முறைத் தேர்வு. வேறு மாவட்டத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர், எக்ஸ்டர்னல் என்று நாங்கள் சொல்கிற வெளித்தேர்வாளராக வர வேண்டும். எந்தத் தேதி என்று துறைத்தலைவர் போனில் கேட்டார். அவர் காலண்டரைப் பார்த்துப் பௌர்ணமியைச் சொன்னார். தேர்வும் முடியும், கிரிவலமும் முடியும். எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. கணக்குத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் வருகிறவர்கள்கூட பௌர்ணமியைத்தான் கேட்பார்கள். துறை சார்பில் அவருக்கு ஆசிரமம் பக்கம் ஒரு ரூம், போக வர வண்டி, கூட வந்த மனைவிக்கும் மச்சினிக்கும் கோயில் தரிசனத்துக்கு ஏற்பாடு. பிள்ளைகளுக்குத்தான் ஏற்பாடு எதுவுமில்லை. பௌர்ணமியன்று பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். வெயிலில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள்.

நான் உள்தேர்வாளர். அதாவது இன்டர்னல். தேர்வு நடத்துகிறவர்கள் நாங்கள் இருவர், இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் மார்க் போகும்.

வெளித்தேர்வாளர் வந்ததும் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, "நாலு மணிக்குள்ள முடிச்சிரலாம் இல்ல மேடம்?" என்றார். தேர்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கேள்வி, தண்ணீரின் கடினத்தன்மை. எனக்குச் சந்தோஷம், அவளுக்குக் கைவந்த கலை. ஒவ்வொருவர் குடுவையிலும் ஒரே அளவு கடினத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடுவோம், அது எங்கள் கல்லூரி வழக்கம். அவர்கள் அதில் காய்ச்சி வடித்த தண்ணீரை, அதாவது உப்பே இல்லாத தண்ணீரைக் கோடு வரை நிரப்பி, கலக்கி, சோதிக்க வேண்டும். பன்னிரண்டு புள்ளி இரண்டு மில்லி வர வேண்டும். துறைத்தலைவர் தன் வலத்தைத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் அவள் என்னைப் பார்த்தாள். கண்ணால் கூப்பிட்டாள். பக்கத்தில் போனேன்.

"மேடம், ஜாஸ்தியா வருது. மூணு தடவ போட்டுட்டேன்."

தேர்வில் நான் உதவக்கூடாது. எங்கோ தவறு செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான பதிலைச் சொன்னேன்.

"வந்தத எழுதும்மா."

எழுதினாள். பதினெட்டு புள்ளி ஆறு.

மற்ற அத்தனை பேர் தாளிலும் பன்னிரண்டு புள்ளி இரண்டு. ஒருவரிடம்கூடப் பன்னிரண்டு புள்ளி ஒன்று இல்லை, மூன்று இல்லை. அச்சில் வார்த்து எடுத்த மாதிரி ஒரே எண். இதைப் பார்த்து ஒரு தேர்வாளருக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வெளித்தேர்வாளர் இளநீரை உறிஞ்சிக்கொண்டே டிக் போட்டார். இவள் தாள் வந்ததும் நின்றார். உச் கொட்டினார்.

"பாவம், இந்தப் பொண்ணுக்கு எக்ஸ்பிரிமென்டே தெரியல போல. பெயில்தான் மேடம்."

செய்முறையில் பெயில் என்றால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். முழுசாக ஒரு வருடம். அதற்குள் அவளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெயிலான பெண்ணை மேலே படிக்க வைக்க அவள் அப்பா தயாரில்லை, இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மேசைக்குப் போனேன். குடுவையில் மீதி இருந்தது. நானே பியூரெட்டை நிரப்பிச் சொட்டுவிட்டேன். பன்னிரண்டைத் தாண்டியது, பீட்ரூட் நிறம் அப்படியே இருந்தது. பதினைந்தைத் தாண்டியது. பதினெட்டு புள்ளி ஆறில் நீலம். பக்கத்து மேசைக் குடுவையை எடுத்தேன். அங்கேயும் அதே. அதற்கடுத்த மேசையிலும் அதே. அந்த மேசைகளில் பியூரெட்டுகள் கழுத்துவரை நிரம்பி, திறக்கவே திறக்காமல் நின்றன.

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டேன். காய்ச்சி வடிக்கிற இயந்திரத்தில் உப்புப் படிந்து படிந்து அதைச் சூடேற்றும் கம்பிச்சுருள், அதாவது காயில், காலையில் எரிந்துபோயிருக்கிறது. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். எதையாவது ஊற்றப்பா, மணி ஆகிறது என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். இவர் காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கிற கேனில் போர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டார்.

"தண்ணி தான மேடம்?" என்றார்.

வேதியியல் துறையில், கடின நீரைப் பற்றிய தேர்வில், கடின நீரைக் கோடுவரை ஊற்றி நிரப்பியிருக்கிறோம். அது ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. தெரிவதற்கு, யாராவது ஒருவர் திருகைத் திறந்திருக்க வேண்டுமே! வெளித்தேர்வாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரியா எழுதினது இவ ஒருத்திதான் சார். மத்தவங்க யாரும் செஞ்சு பாக்கவே இல்ல. பாத்திருந்தா ஒருத்தருக்கும் பன்னெண்டு வந்திருக்காது."

அவர் என்னை மறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மறுக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட் மேடம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அப்படிப் பாத்தா இங்க எல்லாரையும் பெயில் போடணும். போட்டா யுனிவர்சிட்டி கேக்கும். தண்ணிய மாத்தி ஊத்தினது யாருன்னு கேக்கும். இன்டர்னல் யாருன்னு கேக்கும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரையும் மாத்தறது சுலபமா, ஒருத்தர மாத்தறது சுலபமா?"

"அப்போ இவளுக்கு மட்டும் முழு மார்க் போடுங்க. தண்ணி தப்புன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"ஒரே கேள்விக்கு ரெண்டு விடை, ரெண்டுக்கும் முழு மார்க்கா? நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்தா என் கதி?"

துறைத்தலைவர் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளித்தேர்வாளர் தாளை அவள் பக்கம் திருப்பி, தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார்.

"இங்க ஒரு சின்ன மிஸ்டேக் இருக்கும்மா. திருத்திக் குடுத்துடு. பாஸ் பண்ணிடலாம்."

அவள் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ எழுதினதுதான் சரி," என்றேன். "நானே செஞ்சு பாத்தேன். மாத்தாத. பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன்."

"மேடம், அந்தப் பொண்ணு வாழ்க்கையில விளையாடாதீங்க," என்றார் துறைத்தலைவர்.

விளையாடுவது நானாம்! வாயில் நல்ல வார்த்தை வரவில்லை எனக்கு. அவள்தான் குறுக்கே பேசினாள், வெளித்தேர்வாளரிடம்.

"மாத்தலன்னா பெயிலா சார்?"

"நான் என்னம்மா பண்றது? மார்க் போடற முறை அப்படி."

வெளியே ரோட்டில் கிரிவலக் கூட்டத்துக்கு வழிவிடச் சொல்லிப் போலீஸ் மைக் கத்திக்கொண்டிருந்தது. அவள் பேனாவை வாங்கினாள். என் பக்கம் திரும்பாமல், "விடுங்க மேடம்" என்றாள். பதினெட்டு புள்ளி ஆறை ஒரு கோடு போட்டு அடித்தாள். பேனா அதற்குப் பக்கத்தில் போய் நின்றது. துறைத்தலைவர் வலம்வந்தபோது நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, அவர் முணுமுணுத்தது காதில் விழவில்லை. தலையைத் தூக்கினாள்.

"சார், எவ்வளவு வரணும்?"

மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. துறைத்தலைவர் சந்தோஷமாகச் சொன்னார். அவள் மூன்று வரியிலும் அதையே எழுதி, கீழே கணக்கையும் அதற்கேற்றபடி மடமடவென்று மாற்றிப் போட்டாள். கணக்கில் தப்பே இல்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்து, தேங்க்ஸ் சார் என்றாள். அதையும் சொன்னாள்.

மார்க் தாளில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய மார்க்கும் சேர்ந்து நின்றுவிடும். போட்டேன், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. வெளித்தேர்வாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அன்று மாலை பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்திருப்பார், அவள் வீட்டு வாசல் வழியாகத்தான். அவள் அம்மாவிடம் சுண்டல்கூட வாங்கித் தின்றிருக்கலாம். நன்றாக வெந்திருக்கும்.

மறுநாள் பிரின்சிபாலிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "உடனே புது காயில் வாங்கிடலாம் மேடம்" என்றார். நான் என்னமோ இயந்திரத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவள் மாதிரி.

அந்த வருடமும் அத்தனை பேரும் பாஸ். பேனரில் அவள் படமும் இருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வதில்லை, மார்க்கைத்தான் துரத்துகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பேச ஆரம்பிப்பார்கள், டீ வரும் நேரத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் சொன்னது கற்றுக்கொள்வதில்லை என்று? சொல்லிக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு எழுத்து விடாமல் கற்றுக்கொள்கிறார்கள். நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதுதான் நமக்கு நினைவில்லை. இதைச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

போன வருடம் வேங்கிக்காலில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனோம். புது போர். பால் காய்ச்சிய அன்றைக்கே சாம்பாருக்குப் பருப்பு வேகவில்லை. குக்கர் விசில் மேல் விசிலாகக் கத்தியும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. கேன் தண்ணில வேக வையேன் என்றார் என் கணவர். அவருக்குச் சாம்பார் கிடைத்தால் போதும். எனக்கோ பழைய நினைப்பு. உப்பை வடிகட்ட ஒரு கருவி மாட்டலாம் என்று கடையில் கேட்டால், முதலில் தண்ணீரை டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொண்டு வாங்க என்றார்கள். கல்லூரியில் அப்போது விடுமுறை, ஆய்வகம் பூட்டிக்கிடந்தது. அதனால் பஸ் போகும் ரோட்டிலேயே புதிதாக வந்திருந்த ஒரு தனியார் டெஸ்டிங் லேபுக்கு, கணவரிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன்.

ரிப்போர்ட் போனில் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தது. கடினத்தன்மை மிகக் குறைவு, குடிக்க உகந்தது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வேகாத பருப்பு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், வெள்ளைக் கோட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் அவள்.

"மேடம்!" என்று குதித்து எழுந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி இழுத்துப் போட்டாள், டீ சொல்லட்டுமா என்றாள், வீடு கட்டினீங்களாமே என்றாள். படிப்பு முடிந்ததும் இங்கே வேலை கிடைத்ததாம், இப்போது டெஸ்டிங் முழுக்க அவள் பொறுப்புதானாம். முகமெல்லாம் பெருமை. எனக்கும் ஒரு நிமிடம் கோபமெல்லாம் போய்விட்டது. இவள் கையில் இருந்தால் தப்பு வந்திருக்க வழியில்லை, வேறு யாரோ செய்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"இந்த ரிப்போர்ட் யாரும்மா போட்டது?"

வாங்கிப் பார்த்தாள். "நான்தான் மேடம். யாரோ ஒரு சார் வந்து குடுத்துட்டுப் போனார். உங்க வீடுன்னு தெரியாது. ஏன் மேடம், பேர் ஏதும் தப்பா இருக்கா?"

"பருப்பு வேகலம்மா," என்றேன்.

அவளுக்கு அது நினைவில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது. சிரித்தாள்.

"இந்தப் பக்கம் எங்க மேடம் வேகும்? எல்லாம் உப்புத் தண்ணி."

"அப்புறம் எப்படி இதுல கம்மியா வந்துச்சு?"

அவள் குரலைத் தாழ்த்தி, எனக்குப் புரியவைக்கிற அக்கறையோடு சொன்னாள். "இங்க வர்றவங்க எல்லாம் ஏதாச்சும் ஆபீசுக்குக் குடுக்கறதுக்குத்தான் மேடம் வருவாங்க. ஹோட்டல் லைசென்ஸுக்கு, ஹாஸ்டலுக்கு. தண்ணி நல்லா இருக்குன்னு வேணும் அவங்களுக்கு. நாங்க கரெக்டா போட்டா இன்னொரு லேபுக்குப் போயிடுவாங்க. அதனால எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டுடறது."

அவளுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பியூரெட், பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"நீ செஞ்சு பாக்கலியாம்மா?"

"செய்யல மேடம்," என்றாள். ஒளிக்கவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்து அவள் முகமும் ஒரு கணம் மாறியது. பிறகு, மேடம் எதற்காகவோ வருத்தப்படுகிறார், உடனே சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்ற பாசத்தில், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். என் ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தாள். கடினத்தன்மைக்கு நேரே இருந்த எண்ணை அழித்தாள்.

"உங்களுக்கு மாத்தித் தர மாட்டேனா மேடம்? எவ்வளவு வரணும், சொல்லுங்க."

விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.